பாலியல் தொல்லைக்கு எதிரான பயிற்சி: வகுப்பு முடிந்தபின் பார்வை மாறுகிறதா?

வாசகர் கேள்வி – பதில்

பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய பயிற்சி வகுப்புகள் இன்று பல நிறுவனங்களில் கட்டாயம். அந்த வகுப்புகள் ஊழியர்களின் பார்வையை உண்மையிலேயே மாற்றுகின்றனவா, எங்கே சறுக்குகின்றன என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஆண்டுக்கு ஒருமுறை 40 நிமிட வீடியோ, முடிவில் 10 கேள்விகள். எல்லோரும் 9, 10 என்று மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இதை வைத்துப் பயிற்சி பலன் தந்துவிட்டது என்று நிர்வாகத்திடம் சொல்லலாமா?
— மனிதவளப் பிரிவு அலுவலர்

சொல்லாதீர்கள். எந்தப் பதிலை எதிர்பார்க்கிறீர்கள் என்பது ஊழியர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதைத் தவிர அந்த மதிப்பெண் வேறெதையும் காட்டாது. சந்தேகம் இருந்தால் அதே 10 கேள்விகளை வீடியோவுக்கு முன்பே கொடுத்துப் பாருங்கள். அப்போதும் பலர் நல்ல மதிப்பெண்தான் வாங்குவார்கள்.

பார்வை என்று நாம் சொல்வதில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு நடத்தையைப் பார்த்ததும் ‘இது தொல்லை’ என்று அடையாளம் காண்பது ஒன்று. அதற்கு யார் பொறுப்பு என்று மனசு முடிவு கட்டுவது இன்னொன்று. ‘அவள் ஏன் சிரித்தாள்?’ என்ற கேள்வி பிறப்பது இங்கேதான். கண்ணெதிரே நடந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. பயிற்சி முதலாவதைச் சுலபமாக மாற்றிவிடும். அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள், குறிப்பாக ஆண்கள், விருப்பமில்லாத பேச்சு, சைகை, தொடுதல், வெளியே வரச்சொல்லி நச்சரிப்பது ஆகியவற்றைப் பாலியல் தொல்லை என்று கருதும் வாய்ப்பு கூடியிருந்தது. அலுவலகத்தில் எத்தனை பேர் பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்பதும் தனிநபரின் பார்வையோடு சேர்ந்தே உயர்ந்தது. நாலு பேரை மட்டும் அனுப்பிவிட்டுக் கணக்குக் காட்டும் நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்ற இரண்டும் அவ்வளவு லேசில் அசையாது. அவற்றை அளக்க, சின்னச் சின்னச் சம்பவங்களை எழுதிக் கொடுத்து ஊழியர்களைத் தீர்ப்புச் சொல்ல வையுங்கள். இப்படி ஒன்று: குழுத் தலைவர் தன் கீழ் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இரவு 11 மணிக்கு ‘தூங்கியாச்சா?’ என்று மெசேஜ் அனுப்புகிறார். பதில் இல்லை. மறுநாள், ‘ஒரு பதில்கூடப் போட மாட்டீங்களா?’ என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். அன்றிரவு மறுபடியும் மெசேஜ்.

இதன் கீழே மூன்று கேள்விகள் போதும். இது எவ்வளவு தவறு, 1 முதல் 7-க்குள் மதிப்பிடுக. அந்தப் பெண் இதைத் தவிர்த்திருக்க முடியும் என்று நினைக்கிறீர்களா? அவர் உங்களிடம் வந்து சொன்னால் அடுத்து என்ன செய்வீர்கள்? பிறகு சம்பவத்தில் ஒரே ஒரு விவரத்தை மாற்றி இரண்டாவது வடிவம் தயாரியுங்கள்: முதல்நாள் அந்தப் பெண் ஒரு ஸ்மைலி அனுப்பியிருக்கிறார். பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் பிரியுங்கள். ஒரு வடிவத்துக்கு 30 பேராவது இருந்தால்தான் ஒப்பிட முடியும். ஸ்மைலி இருக்கும் வடிவத்தில் மதிப்பீடு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அந்த இறக்கம்தான் உங்கள் அலுவலகத்தில் ‘அவளும்தானே இடம் கொடுத்தாள்’ என்ற எண்ணத்தின் அளவு. வகுப்புக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முடிந்து மூன்று மாதம் கழித்து ஒருமுறை அளந்து பாருங்கள். வகுப்பு முடிந்த கையோடு அளந்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். பெயர் கேட்காதீர்கள், துறையையும் வயதையும் சேர்த்துக் கேட்டாலே சிறிய அலுவலகத்தில் ஆள் தெரிந்துவிடும்.

கேள்வியின் வாசகம் மிக முக்கியம். அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் நியமித்த பணிக்குழுவின் 2016 அறிக்கையைப் பாருங்கள். ‘உங்களுக்குப் பாலியல் தொல்லை நேர்ந்ததா?’ என்று விளக்கம் எதுவும் தராமல் கேட்டபோது ஆம் என்ற பெண்கள் சுமார் 25 சதவீதம். குறிப்பிட்ட நடத்தைகளைச் சொல்லி இப்படி நடந்ததா, அப்படி நடந்ததா என்று கேட்ட ஆய்வுகளில் அது சுமார் 40 சதவீதமாக உயர்ந்தது. நடந்தது இருக்கிறது, அதற்குப் பெயர் வைக்க மனசு ஒப்பவில்லை. உங்கள் கணக்கெடுப்பு நடத்தைகளைச் சொல்லிக் கேட்கட்டும்.

கேள்வி: பயிற்சி முடிந்து வந்ததிலிருந்து ஆண் ஊழியர்களிடம் ஒருவித எரிச்சல் தெரிகிறது. ‘இனி பெண்களிடம் குட்மார்னிங் சொல்லக்கூட வக்கீல் வேண்டும்’ என்று கேலி. முன்பைவிட நிலைமை மோசமானதுபோல இருக்கிறது. பயிற்சியே எதிர்விளைவு தருமா?
— குழு மேலாளர்

தரும். 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியர்கள், அலுவலர்களிடம் நடத்திய குறுகிய பயிற்சியை பிங்காம், ஷெரர் என்ற இரு ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பங்கேற்றவர்களுக்கு விஷய அறிவு கூடியிருந்தது. ஆனால் பங்கேற்ற ஆண்கள், மற்றவர்களோடு ஒப்பிட்டால், வற்புறுத்தும் நடத்தையைத் தொல்லை என்று கருதுவது குறைந்தது. புகார் செய்யும் விருப்பம் குறைந்தது. பாதிக்கப்பட்டவர் மீதே பழி போடுவது கூடியது. அறிவு ஏறியிருக்கிறது, பரிவு இறங்கியிருக்கிறது.

காரணம் வகுப்பின் முதல் பத்து நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். முதல் ஸ்லைடில் தடை செய்யப்பட்ட நடத்தைகளின் பட்டியல். இரண்டாவதில் தண்டனைகள். எல்லா உதாரணத்திலும் குற்றவாளி ஆண், பாதிக்கப்படுபவர் பெண். அறையில் உட்கார்ந்திருக்கும் ஆணுக்கு அந்த வகுப்பில் கிடைக்கும் ஒரே வேடம் சந்தேக நபர். சந்தேகிக்கப்படும் மனிதன் கற்றுக்கொள்வதில்லை, தற்காத்துக்கொள்கிறான். ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்பதில் தொடங்கி, ‘அப்படியானால் புகார் கொடுத்தவள்தான் மிகைப்படுத்துகிறாள்’ என்பது வரை போய்விடுகிறான்.

ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் என்ற சமூகவியலாளர்கள் 800-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் 30 ஆண்டுகளுக்கும் மேலான தரவை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். பயிற்சிக்குப் பின் மேலாளர் பதவிகளில் பெண்களின் பங்கு என்ன ஆனது என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல். ‘இதைச் செய்யாதே’ பாணியில் எல்லா ஊழியர்களுக்கும் நடத்திய பயிற்சிக்குப் பிறகு அந்தப் பங்கு சில பிரிவுப் பெண்களிடையே குறைந்தது. மேலாளர்களுக்கென்று நடத்திய பயிற்சிக்குப் பிறகு கூடியது. மேலாளர் வகுப்பில் அவரை யாரும் குற்றவாளியாக நடத்துவதில்லை. ‘உங்கள் குழுவில் இப்படி நடந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், எப்படித் தலையிடுவீர்கள்?’ என்று பொறுப்பை அவர் கையில் கொடுக்கிறார்கள். அந்த வேட மாற்றத்தைத்தான் ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆகவே அடுத்த வகுப்பில் முதல் ஸ்லைடை மாற்றுங்கள். எல்லோரையும் சாட்சியாகவும் துணையாகவும் அழைத்துத் தொடங்குங்கள். உதாரணங்களில் ஆணுக்கு ஆண் செய்யும் தொல்லையும், பெண் மேலதிகாரி செய்யும் தொல்லையும், தட்டிக் கேட்ட ஆணும் இருக்கட்டும். இப்போது கேலி பேசுபவர்களைக் கூட்டத்தில் மடக்காதீர்கள். ‘குட்மார்னிங் பற்றி யாரும் புகார் கொடுத்ததில்லை. எந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வருகிறது, அதைச் சொல்லுங்கள்’ என்று தனியாகக் கேளுங்கள். உண்மையான குழப்பம் உள்ளவர் ஒரு சம்பவத்தைச் சொல்வார். வம்புக்குப் பேசியவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

கேள்வி: வகுப்பில் காட்டிய உதாரணம் எல்லாம் ‘பதவி உயர்வு வேண்டுமானால் என்னோடு வா’ ரகம். எங்கள் சீனியர் அப்படியெல்லாம் இல்லை. ‘பொண்ணுங்களுக்கு இந்த மெஷின் எல்லாம் எதுக்கு’, ‘இன்னிக்கு டிரெஸ் தூக்கலா இருக்கே’ என்று தினமும் ஏதாவது சொல்வார். வகுப்பு முடிந்ததும், நமக்கு நடப்பது ஒன்றுமே இல்லை போலிருக்கிறது என்று தோன்றிவிட்டது. அது சரியா?
— ஒரு வாசகி

சரியில்லை. உங்களுக்கு அப்படித் தோன்றியது உங்கள் குறையும் இல்லை. உதாரணங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் குறை. உச்சக்கட்டச் சம்பவங்களை மட்டும் காட்டினால், தொல்லை என்றால் இதுதான் என்று ஒரு படம் மனதில் பதிந்துவிடும். அதோடு ஒத்துப்போகாத எல்லாம் ‘சும்மா பேச்சு’ ஆகிவிடும். சீனியருக்கும் அதே நிம்மதிதான்: ‘நான் அந்த வீடியோவில் வந்த ஆள் மாதிரியா?’

உளவியலாளர் லூயிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும் அவருடைய குழுவினரும் 1980-களின் இறுதியிலிருந்து செய்த ஆய்வுகள் தொல்லையை மூன்றாகப் பிரிக்கின்றன. பாலினத்தைச் சொல்லி மட்டம் தட்டுவது, கொச்சையான பேச்சு, இரட்டை அர்த்த ஜோக் ஆகியவை முதல் வகை. விரும்பாத பாலியல் நாட்டம், அதாவது உடலைப் பற்றிய பேச்சு, தொடுதல், மறுத்த பிறகும் விடாமல் கேட்பது, இரண்டாவது. வேலை, பதவி, சம்பளத்தைக் காட்டிப் பணிய வைப்பது மூன்றாவது. மூன்றிலும் அதிகம் நடப்பது முதல் வகைதான். 2018-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. அந்த வகை ஓயாமல் நடக்கும்போது, வேலையும் உடல்நலமும் கெடுவதில் மற்ற வகைகளுக்குச் சளைத்ததல்ல என்றும் அது எச்சரிக்கிறது. வகுப்புகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதே முதல் வகை என்பது வருத்தமான விஷயம்.

உங்கள் சீனியரின் மெஷின் பேச்சு முதல் வகை. டிரெஸ் பேச்சு தினமும் தொடர்ந்தால் இரண்டாவதில் சேரும். இன்றிலிருந்து தேதி, நேரம், அவர் சொன்ன அதே வார்த்தைகள், பக்கத்தில் இருந்தவர்கள், அன்று உங்கள் வேலையில் என்ன பாதிப்பு, இந்த ஐந்தையும் எழுதி வையுங்கள். ‘தப்பாகப் பேசினார்’ என்று பொதுவாக எழுதினால் விசாரணையில் நிற்காது. குறிப்பு அலுவலகக் கணினியில் வேண்டாம். புகார் கொடுப்பதா என்று பிறகு முடிவு செய்யலாம், குறிப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ‘எனக்குத் தவறான எண்ணமே இல்லை’ என்று ஒருவர் மனதாரச் சொன்னால், அது தொல்லை ஆகுமா?

ஆகலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் நிறைவேற்றிய 190-வது உடன்படிக்கை, தீங்கை நோக்கமாகக் கொண்ட நடத்தையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. தீங்கில் முடிகிற நடத்தையும், முடிய வாய்ப்புள்ள நடத்தையும் அதில் அடக்கம். ஒரே ஒருமுறை நடந்தாலும் சேரும். எண்ணம் என்ன என்பது தண்டனையின் அளவை முடிவு செய்யும்போது வரவேண்டிய கேள்வி. நடந்ததா இல்லையா என்று பார்க்கும்போது அதைக் கொண்டுவந்தால் விசாரணை முழுக்க அந்த மனிதரின் நல்ல குணத்தைப் பற்றியதாகிவிடும். பயிற்சியாளர்கள் இந்த இரண்டையும் தனித்தனி ஸ்லைடில் வைத்து நிதானமாக விளக்க வேண்டும். வகுப்பில் அதிக வாக்குவாதம் வருவது இங்கேதான், இதற்கு 20 நிமிடமாவது ஒதுக்குங்கள்.

கேள்வி: பார்ப்பவர்கள் தலையிடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு நடத்த நினைக்கிறோம். எப்படி அமைப்பது? போன முறை ‘தைரியமாகத் தட்டிக் கேளுங்கள்’ என்று சொன்னோம், யாரும் எதுவும் செய்யவில்லை.
— பயிற்சியாளர்

தைரியம் வரச்சொன்னால் வராது. கூட்டத்தில் ஒருவர் கொச்சையாக ஜோக் அடிக்கும்போது மற்றவர்கள் சும்மா இருப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. யாரும் முகம் சுளிக்கவில்லையே, எனக்கு மட்டும்தான் தப்பாகத் தெரிகிறதோ என்ற சந்தேகம். வேறு யாராவது பேசுவார்கள் என்ற எதிர்பார்ப்பு. பேச நினைத்தாலும் அந்த மூன்று விநாடிக்குள் வாயில் வார்த்தை வராதது. அறிவுரை முதல் இரண்டை ஓரளவு சரிசெய்யும். மூன்றாவதுக்குப் பயிற்சி மட்டும்தான் மருந்து, அதுவும் வாய்விட்டுச் சொல்லிப் பழகும் பயிற்சி.

ஒரு குழுவில் 12 முதல் 15 பேர். இரண்டு மணி நேரம். விளக்கவுரைக்கு 25 நிமிடம், மீதி நேரம் முழுக்க நடித்துப் பார்ப்பது. தலையிடும் வழிகள் ஐந்து என்று சொல்லிக்கொடுங்கள்: பேச்சைத் திருப்புவது, வேறொருவரை உதவிக்கு அழைப்பது, நடந்ததைப் பதிவு செய்து பாதிக்கப்பட்டவரிடமே கொடுப்பது, பிறகு போய் அவரிடம் விசாரிப்பது, நேரடியாகச் சொல்வது. நேரடியாகச் சொல்வதைக் கடைசியில் வையுங்கள். அதை முதலில் வைத்தால், அந்தத் துணிவில்லாதவர்கள் தங்களுக்கு வேலையே இல்லை என்று ஒதுங்கிவிடுவார்கள்.

ஒரு காட்சி. கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஊழியர் அறிக்கை வாசித்து முடிக்கிறார். மூத்தவர் ஒருவர், ‘நீங்க பேசினா கிளையன்ட் அறிக்கையை எங்கே பார்க்கப்போறான், உங்களைத்தான் பார்ப்பான்’ என்கிறார். நாலு பேர் சிரிக்கிறார்கள். இங்கே நிறுத்தி, மூன்று மூன்று பேராகப் பிரித்து, அடுத்த வாக்கியத்தை ஒவ்வொருவரையும் சொல்ல வையுங்கள். ‘மூன்றாம் பக்கத்துக் கணக்கில் எனக்கு ஒரு கேள்வி இருக்கு’ என்பது பேச்சைத் திருப்புவது, இளையவர்கூடச் சொல்லலாம். ‘சார், அந்தப் பேச்சு வேண்டாமே’ என்பது நேரடி. கூட்டம் முடிந்து வெளியே வந்து, ‘அவர் பேசினது எனக்குச் சரியாப் படலை. உங்களுக்கு நான் ஏதாவது செய்யணுமா?’ என்று கேட்பது மூன்றாவது. இந்தக் கடைசி வாக்கியத்தை எல்லோரும் இரண்டு முறையாவது வாய்விட்டுச் சொல்லட்டும். பதவி எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் யாரும் செய்யக்கூடியது இது. பாதிக்கப்பட்டவருக்கு, ‘நான் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை’ என்ற உறுதியையும் தருகிறது.

சறுக்கும் இடங்கள்: தொல்லை கொடுப்பவராக நடிக்க ஊழியர்களை அனுப்பாதீர்கள், பயிற்சியாளரே அந்த வரியை வாசிக்கட்டும். உங்கள் அலுவலகத்தில் நடந்த சம்பவத்தைப் பெயர் மாற்றிக்கூட எடுக்காதீர்கள், எல்லோருக்கும் தெரிந்துவிடும். அறையில் தொல்லைக்கு ஆளானவர்கள் இருக்கலாம், ஆகவே காரணம் கேட்காமல் எழுந்துபோக அனுமதி உண்டு என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். மேலதிகாரியையும் அவருடைய குழுவையும் ஒரே குழுவில் போட வேண்டாம்.

கேள்வி: ஆண்களுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாக வகுப்பு வைக்கலாமா?

பொதுவாக வேண்டாம். தனித்தனியாகப் பிரித்தாலே ஒரு தரப்பு குற்றவாளி, ஒரு தரப்பு பலியாள் என்ற படம் உறுதியாகிவிடும். பெண்களுக்குத் தனியாக ஒரு கேள்வி நேரம் வேண்டுமென்றால் வகுப்பு முடிந்தபின் விருப்பமுள்ளவர்களுக்கு வையுங்கள்.

கேள்வி: இதையே வழக்கமாக வைத்திருப்பவர்கள் வகுப்பால் திருந்துவார்களா?

மனசு மாறும் என்று நம்பி வகுப்பைத் திட்டமிடாதீர்கள். உளவியலாளர் ஜான் பிரையர் 1987-ல், வாய்ப்புக் கிடைத்தால் தொல்லை கொடுக்கும் போக்கு ஆண்களிடம் எவ்வளவு என்று அளக்கும் அளவுகோலை உருவாக்கினார். 1998-ல் வந்த ஓர் ஆய்வில், அந்தப் போக்கு அதிகமுள்ள ஆண்களுக்குப் பயிற்சி வீடியோ காட்டியபோது விஷயம் தெரிந்துகொண்டார்கள், தகாத நடத்தையும் குறைந்தது; ஆனால் அடிமனப்போக்கு மாறவில்லை. பிரையரின் குழு 1993-ல் இன்னொன்றைக் காட்டியது. சோதனையை நடத்துபவரே பெண்ணிடம் தகாதபடி நடந்தால், அந்தப் போக்குள்ளவர்களும் அப்படியே நடந்தார்கள். அவர் மரியாதையாக நடந்தால் இவர்களும் அடங்கியிருந்தார்கள். இவர்களைக் கட்டிப்போடுவது சூழல். மேலாளர்கள் கூட்டத்தில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதைச் சரிசெய்ய முடிந்தால், அது இவர்களுக்கு நடத்தும் நாலு வகுப்புக்குச் சமம்.

கேள்வி: பயிற்சிக்கு முந்தைய ஆண்டு 2 புகார்கள். பயிற்சி நடந்த ஆண்டில் 7. ‘பயிற்சி கொடுத்துப் பிரச்சினையை நாமே வரவழைத்துக்கொண்டோம்’ என்கிறார் எங்கள் இயக்குநர். என்ன பதில் சொல்வது?
— புகார்க் குழு உறுப்பினர்

தொல்லைக்கு ஆளானவர்களில் நான்கில் மூன்று பேர் மேலதிகாரியிடமோ நிர்வாகத்திடமோ சங்கத்திடமோ வாயே திறப்பதில்லை என்று முன்பு சொன்ன 2016 அறிக்கை மதிப்பிட்டது. பழைய 2 என்ற எண் உங்கள் அலுவலகத்தின் அமைதியைக் காட்டவில்லை, மௌனத்தைக் காட்டியது. அடையாளம் காணத் தெரிந்தவர்கள் முதலில் புகாராகத்தான் வருவார்கள்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு இயக்குநருக்கு வேறு நான்கு விவரங்களைக் காட்டுங்கள். சம்பவம் நடந்த நாளுக்கும் புகார் வந்த நாளுக்கும் இடைவெளி எவ்வளவு? இடைவெளி குறைந்துவந்தால் நம்பிக்கை கூடுகிறது என்று பொருள். எத்தனை புகார்கள் பேச்சளவிலேயே, கை நீளும் முன்பே வந்தன? எத்தனை, பார்த்தவர்கள் கொடுத்தவை? நான்காவதுதான் முக்கியமானது. புகார் கொடுத்தவர் ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறார்? அவருடைய ஷிப்ட் மாறியதா, இடமாற்றம் வந்ததா, ஆண்டு மதிப்பீட்டில் மதிப்பெண் இறங்கியதா, வேலையை விட்டுப் போய்விட்டாரா? அலுவலகம் முழுக்க இதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறது. புகார் கொடுத்தவரை வேறு கிளைக்கு மாற்றி, புகாருக்கு ஆளானவரை அதே நாற்காலியில் விட்டுவைத்தால், அடுத்த ஆண்டு எண்ணிக்கை மறுபடி 2-க்கு வந்துவிடும். இயக்குநரும் நிம்மதியடைவார், ஆனால் தொல்லை குறைந்திருக்காது.

கேள்வி: ஆன்லைனா, நேரடியா? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

விதிகள், புகார் நடைமுறை, யாரிடம் போக வேண்டும் என்ற விவரம், இவை ஆன்லைனில் 20 நிமிடத்தில் முடியும். நடித்துப் பார்ப்பதும் விவாதமும் நேரில் மட்டும். புதிதாகச் சேருபவருக்கு முதல் மாதத்துக்குள், மேலாளராக உயர்பவருக்குப் பொறுப்பேற்கும் முன், மற்ற எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம். இடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வழக்கமான குழுக் கூட்டத்தில் 15 நிமிடம் எடுத்து, மேலே சொன்ன மெசேஜ் சம்பவம்போல ஒன்றை மட்டும் படித்துப் பேசுங்கள். அதை மனிதவளப் பிரிவு நடத்த வேண்டாம், அந்தந்தக் குழுவின் மேலாளரே நடத்தட்டும். முதல்முறை அவர் தடுமாறுவார். சம்பவத்தையும் மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் அடித்து இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள்.